மார்கழி விருந்தாளிகள்

"பறவை பார்ப்பதா? அதற்கெல்லாம் எங்களுக்கு ஏது நேரம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அடுப்படி, பிள்ளைகள், ரேஷன் கடை, கரண்ட் பில் என்று ஓடுகிற ஓட்டத்தில் பைனாகுலரும் தொப்பியுமாக ஏரிக்கரையில் போய் நிற்க முடியுமா? முடியாதுதான். நிற்கவும் வேண்டாம் சகோதரிகளே! போகிற வழியிலும் வருகிற வழியிலும் பார்த்தாலே போதும். அதிலும் எங்கள் காரைக்கால் மாதிரி ஊரில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான் எங்கள் காரைக்கால் பகுதி. அதற்குள் அரசலாறு, திருமலைராஜனாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஓடி வந்து கடலில் சேர்கின்றன. நெல்வயல், ஏரி, ஆற்று முகத்துவாரம், கடற்கரை எல்லாமே ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் அடக்கம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் இத்தனை இடத்துக்கும் எங்கிருந்தெல்லாமோ விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுகிறார்கள்.

நமக்கு இது புதுசா?

யோசித்துப் பாருங்களேன். காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் விரத நாளில் நாம் சாப்பிட உட்காருவதுண்டா? திருநள்ளாறு எங்கள் பக்கத்தில் இருப்பதால் சனிக்கிழமை எள் சாதம் என்றால் காக்கைக்குத்தான் முதல் பங்கு. சனீஸ்வரனின் வாகனமாயிற்றே! பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி வைக்கிறோம். மஞ்சள் இலையில் கலர் கலராகச் சாதத்தை உருட்டி வைத்து, "காக்காப் பிடி வச்சேன், கணுப் பிடி வச்சேன்" என்று சொல்லி, கூடப்பிறந்தவர்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். காக்கை வந்து எடுத்துவிட்டதா என்று எத்தனை ஆவலாகப் பார்க்கிறோம்! அதே கண்தான். காக்கையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தூரம் போகவேண்டும். அவ்வளவுதான்.

பறவை பார்ப்பது ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ஜமால் ஆரா. பீகாரில் 1923இல் பிறந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர், மண வாழ்க்கையும் நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு ராஞ்சி பக்கத்துக் காட்டுப் பகுதியில் வாழ்ந்தபோது பறவைகளைப் பார்த்துக் குறித்துவைக்க ஆரம்பித்தார். அவர் எழுதிய சிறு நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970இல் வெளியிட்டது. எத்தனையோ பிள்ளைகள் பறவை பார்க்கக் கற்றது அந்தப் புத்தகத்தில்தான். அவருக்கு முடிந்தது, நமக்கு முடியாதா?

எங்கே, எப்போது?

முதலில் வயல். சம்பா நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயல்களில் மடையானும் கொக்கும் எப்போதும் உண்டு. நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டுப் பறவைதான். வாயை மூடினாலும் அதன் அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். குறை என்று நினைக்காதீர்கள், நத்தையை எடுத்துத் தின்பதற்காக அமைந்த அலகு அது. நாற்றைக் கடிக்கும் நத்தையைக் கூலி வாங்காமல் பொறுக்கிக் கொடுக்கிறதே, விவசாயிக்கு இதைவிட நல்ல ஆள் உண்டா?

குளிர்காலத்து விருந்தாளிகள் இவர்களுக்கு நடுவே இருப்பார்கள். பயிருக்கு மேலே வெள்ளையாக, தாழ்வாக, குட்டிக்கரணம் போடுவதுபோலத் திரும்பித் திரும்பிப் பறக்கிறதே, அது மீசை ஆலா. வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடுவது வாலாட்டி. கரண்ட் கம்பியில் பச்சை உடம்பும் நீல வாலுமாக வரிசையாய் உட்கார்ந்திருப்பது நீலவால் பஞ்சுருட்டான். பஸ் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இந்த மூன்றையும் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் பார்த்துவிடலாம்.

அடுத்தது ஏரி. திருநள்ளாறு பக்கம் நல்லம்பல் ஏரி இருக்கிறது. வாத்துக் கூட்டம் வேண்டுமானால் இப்படி அகன்ற நீர்ப்பரப்பைத்தான் தேடவேண்டும். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்திலிருந்து நம் நாட்டுக்கு வருபவை. வெயில் ஏறிவிட்டால் நடுத்தண்ணீரில் போய்த் தூங்கும். அதனால் காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது.

மூன்றாவது முகத்துவாரம். எங்கள் கடற்கரைக்குப் போகிற சாலை அரசலாற்றின் ஓரமாகவே போகிறது. அங்கே நேரம் பார்க்கவேண்டியது கடிகாரத்தில் இல்லை, கடலில். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது மீன்காரம்மா. "தண்ணி வத்துற நேரம் போய்ப் பாரு கண்ணு. சேறு தெரியும்ல, அப்பத்தான் பொடிக்குருவியெல்லாம் இறங்கும். தண்ணி ஏறிட்டா ஒண்ணும் இருக்காது" என்றார். அப்படியேதான்! தண்ணீர் வற்றி ஈரச் சேறு தெரிந்ததும் உள்ளானும் உப்புக்கொத்தியும் கூட்டமாக இறங்கி, தையல் மிஷின் ஊசிபோல டக் டக்கென்று குத்திப் புழு பூச்சி எடுக்கின்றன. நீண்ட மூக்குள்ளவை ஆழத்தில் தேடும், குட்டை மூக்குள்ளவை மேலாகப் பொறுக்கும். ஒரே சேற்றில் பத்து ஜாதிப் பறவை சண்டையில்லாமல் சாப்பிடுகிற பந்தி அது.

கோழிமுட்டை கனம்கூட இல்லை

அந்தக் கூட்டத்தில் ஆகச் சிறியது கொசு உள்ளான். இருபது முப்பது கிராம்தான், ஒரு கோழிமுட்டை கனம்கூட இல்லை. அது குஞ்சு பொரிப்பது வட துருவத்தை ஒட்டிய சைபீரியப் பனிப்பிரதேசத்தில். அங்கே பனி மூடியதும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து தெற்கே வருகிறது. கிளம்புமுன் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு கிளம்புவதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முகத்துவாரங்களை நம்பிப் பிழைக்கும் பறவைகளில் பட்டைவால் மூக்கன் என்று ஒன்று உண்டு. அந்த இனத்துப் பெண் பறவை ஒன்றின் உடம்பில் சிறு கருவியைப் பொருத்தி, 2007இல் விஞ்ஞானிகள் அதன் பயணத்தைக் கவனித்தார்கள். அலாஸ்காவிலிருந்து கிளம்பி நியூசிலாந்து வரை, 11,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை, எட்டு நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது! அன்னம் ஆகாரம் இல்லை, தண்ணீர் இல்லை. இதைப் படித்த அன்றைக்கு, மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்து "முட்டி வலிக்கிறது" என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றால், ஆரம்பம் காலில் மாட்டும் ஒரு சின்ன வளையம்தான். பறவையைப் பத்திரமாகப் பிடித்து, எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். வேறு எங்காவது அது மறுபடி கிடைத்தால் பயணம் தெரிந்துவிடும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சலீம் அலியின் வழிகாட்டுதலில் இந்த வேலையை நம் கோடியக்கரையிலும் வருஷக்கணக்காகச் செய்தது. வேதாரண்யத்தைத் தாண்டி இருக்கிற கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சார்' ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. பூநாரைக் கூட்டத்துக்குப் பேர்போன இடம்.

மன்னார்குடி அருகே வடுவூர் ஏரியும் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வடுவூர் என்றால் நம் பாட்டிமார்களுக்கு துரைசாமி ஐயங்காரின் நாவல்தான் நினைவுக்கு வரும். இனி பேத்திகளுக்கு வாத்துக் கூட்டம் நினைவுக்கு வரட்டும்! பிள்ளைகளின் லீவில் ஒருநாள் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

குழம்புச் சட்டிக்கா வந்தார்கள்?

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

என் மாமியாருக்குப் பனிக்காலம் வந்தால் இழுப்பு வரும். ஒரு மார்கழியில் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். பார்க்க வந்தவர்களில் ஒருவர், "கொக்குக் கறி வச்சுக் குடுங்க, நெஞ்சுச்சளி அறுத்துக்கிட்டு வந்துரும்" என்றார். சொல்லி வைத்தாற்போல இரண்டு நாளில் சைக்கிளில் ஒருவன் வந்தான். கேரியரில் சாக்குப்பை, உள்ளே காலைக் கட்டிய மடையான்கள். கூடவே உள்ளானும் இருந்தது. "உயிரோட இருக்குக்கா, நானே உரிச்சுத் தர்றேன்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. மூச்சு வாங்க வாங்க, "வேணாம்னு சொல்லும்மா. அது நம்ம ஊருக்குப் பொழைக்க வந்தது. அதைத் தின்னு நான் ஒண்ணும் பொழைக்க வேணாம்" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே யாரோ வாங்கியிருப்பார்கள். அதுதான் என் மனசில் இன்னும் கிடக்கிறது.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். கொக்குக் கறியோ வேறு எந்தப் பறவைக் கறியோ ஆஸ்துமாவுக்கு மருந்தாகாது என்று தெளிவாகச் சொன்னார். மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருவது இழுப்பு. அதை விரிப்பதற்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைப்பதற்கும் உறிஞ்சும் மருந்து இருக்கிறது. டாக்டர் சொன்ன அளவில் விடாமல் எடுத்துக்கொண்டால் கட்டுக்குள் இருக்கும். அத்தைக்கும் அதில்தான் தூக்கம் வந்தது.

இன்னொன்றும் யோசிக்கவேண்டும். அந்தப் பறவை மேய்ந்தது பூச்சிமருந்து தெளித்த வயலாக இருக்கலாம். சில இடங்களில் விஷம் கலந்த இரையை வைத்தும் பறவை பிடிக்கிறார்கள். அது நம் வீட்டுச் சட்டிக்கு வரலாமா? போதாததற்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பறவை விற்பவன் வந்து நிற்பது நம் வாசலில். வேண்டும், வேண்டாம் என்று சொல்வது நாம். ஒரு தெருவில் பத்து வீட்டு அம்மாக்களும் "வேண்டாம்" என்றால் அந்த சைக்கிள் அடுத்த தடவை வராது. இது எந்த அதிகாரியாலும் முடியாத காரியம், நம்மால் முடியும்.

நம்மால் ஆனது

புரட்டாசி, ஐப்பசியில் சில நாள் காலையில் கொல்லைப்புறத்தில் வண்ண வண்ணமாக ஒரு குருவி சுருண்டு கிடக்கும். அது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். ராத்திரியில் வடக்கேயிருந்து பறந்து வந்து, களைத்தோ சுவரில் மோதியோ விழுந்திருக்கும். பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து அதை வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, புரை ஏறிச் செத்துவிடும். சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் மரத்தடியில் கொண்டுபோய் விடலாம். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

கடற்கரைக்குப் போனால் பிள்ளைகள் பறவைக் கூட்டத்தைத் துரத்தி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை எழுந்து பறக்கும்போதும் அது சேர்த்துவைத்த வழிச்செலவு கரைகிறது. மிக்சர் பாக்கெட்டையும் பிளாஸ்டிக் பையையும் அங்கே போடவேண்டாம்.

2015இலிருந்து தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம், பரீட்சை கிடையாது. கால் மணி நேரம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி, செல்போன் வழியாகப் பதிவு செய்தால் போதும். செல்போன் விவகாரத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், எண்ணுவது நம் பாடு.

காலையில் அரைமணி நடை, கண்ணுக்குப் பச்சை, மனசுக்கு ஓர் அமைதி. இதற்கு மருந்துக்கடையில் சீட்டு வேண்டாம். வருகிற தை மாதம் கணுப்பிடி வைத்து முடித்த கையோடு பக்கத்து ஏரிக்கரைக்கு ஒரு நடை போய்வாருங்கள். கூடப்பிறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும்போது, பங்குனி பிறந்து வெயில் ஏறும் சமயம் ஊர் திரும்பப்போகும் அந்தக் கோழிமுட்டை கனமில்லாத ஜீவனுக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்து வேண்டிக்கொண்டால் என்ன?