ஒரே கோப்புறையில் பேர்லினும் யாழ்ப்பாணமும்

நீல வானம், வெள்ளை மேகம், பச்சைப் புல் மூடிய ஒரு மேடு. இந்தப் படத்தை நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆனால் அது எந்த ஊர் என்று கேட்டால் பலர் முழிப்பீர்கள். கலிபோர்னியாவில் உள்ள சொனோமா பகுதி அது. சார்ல்ஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் காரில் போகும் வழியில் பிலிம் கமெராவில் எடுத்த படம். 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு அது உலகம் முழுக்கப் போனது. உங்களுக்கு அது மீம்களில் வரும் படம். என் வயதுக்காரருக்கு அது அப்பாவின் கணினி.

அந்தக் கணினியைப் போலவே செய்யப்பட்ட ஓர் இணையப் பக்கத்தைச் சில வாரங்களுக்கு முன் கண்டேன். திறந்தால் அதே பச்சை மேடு, கீழே நீலப் பட்டை, மூலையில் பச்சை ஸ்டார்ட் பொத்தான், இடது பக்கம் மஞ்சள் கோப்புறைகள். ஆனால் கோப்புறைகளுக்குள் அப்பாவின் வரிக் கடிதங்களோ மாமாவின் கல்யாணப் படங்களோ இல்லை. ஆங்கில விக்கிப்பீடியா இருக்கிறது! ஒரு கோப்புறையைத் திறந்தால் உள்ளே இன்னும் பத்துக் கோப்புறைகள். அவற்றுக்குள் கோப்புகள் போலக் கட்டுரைகள்.

இது வெறும் விளையாட்டு என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கோப்புறைகள் உண்மையானவை. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் ‘பகுப்புகள்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. 2004 முதல் இந்த வசதி உண்டு. கைபேசியில் வாசிப்பவர்களுக்குப் பொதுவாக அது காட்டப்படுவதில்லை. அதனால் உங்களில் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். பாடகி எம்.ஐ.ஏ. பற்றிய கட்டுரையின் அடிக்குப் போனால், லண்டன் ராப் பாடகர்களின் பகுப்பிலும் அவர் இருக்கிறார், இலங்கைத் தமிழ் வழிவந்த ஆங்கிலேயர்களின் பகுப்பிலும் இருக்கிறார். எக்ஸ்பி கணினியில் ஒரு கோப்பு ஒரு கோப்புறையில்தான் இருக்கும். விக்கிப்பீடியாவில் ஒரே கட்டுரை பத்துப் பகுப்புகளில் இருக்கலாம்.

நாங்கள் எதையாவது தேடும்போது கேட்டதுதான் வரும். கேட்கத் தெரியாதது வராது. கோப்புறை அப்படி இல்லை. ஒன்றைத் தேடிப் போனால் அதற்குப் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்பதையும் காட்டிவிடும். பழைய நூலகங்களில் புத்தகத் தட்டுக்கு முன்னால் நின்றால் நடப்பது இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் ‘நூல்கள்’ என்ற கோப்புறையில் தொடங்கினேன். அங்கிருந்து ‘நூல் தணிக்கை’. அதற்குள் ‘புத்தக எரிப்புகள்’. அதைத் திறந்தபோது ஒரே பட்டியலில் இரண்டு பெயர்கள். ஒன்று 1933 இல் நாசிகள் நடத்திய புத்தக எரிப்பு. மற்றது 1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம்.

ஜேர்மனியில் படித்தவர்களுக்கு முதலாவதைச் சொல்லத் தேவையில்லை. 1933 மே 10 அன்று பேர்லினின் ஒப்பெர்ன்பிளாட்ஸ் சதுக்கத்தில் சுமார் 20,000 புத்தகங்கள் தீயில் போடப்பட்டன. எரிக் கெஸ்ட்னர் தன் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்துக்குள் நின்று பார்த்தார். ‘எமிலும் துப்பறிவாளர்களும்’ எழுதியவர் அவர்தான். நாங்கள் அவரை ஆறாம் வகுப்பில் படித்தோம். சதுக்கத்தின் பெயர் இன்றைக்கு பெபெல்பிளாட்ஸ். பள்ளிச் சுற்றுலாவில் எங்களையும் அங்கே கூட்டிப்போனார்கள். நிலத்தில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே ஒரு வெள்ளை அறை, நான்கு பக்கமும் வெறும் புத்தகத் தட்டுகள். 20,000 புத்தகங்கள் வைக்கக்கூடிய இடம், ஒரு புத்தகமும் இல்லை. மீக்கா உல்மன் என்ற இஸ்ரேலியச் சிற்பி 1995 இல் அமைத்தது.

யாழ்ப்பாணத்தில் 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 க்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. இதுவும் எனக்குத் தெரிந்த கதைதான். தமிழ்ப் பாடசாலையில் ரீச்சர் சொல்லியிருக்கிறார், மேடையில் கவிதையாகப் பாடமாக்கியும் இருக்கிறோம். ஆனால் அது சனிக்கிழமைக் கதை. பேர்லின் கதை திங்கள் முதல் வெள்ளி வரைக்குமானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கு ஒருவரும் காட்டியதில்லை. பள்ளியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

ஒரே கோப்புறையில் இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அங்கே நடந்ததற்கும் அதன் பிறகு வந்த பேரழிவுக்கும் தனி வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் தனி வரலாறு இருக்கிறது. கோப்புறை ஒன்றை மட்டும்தான் சொல்கிறது: இவற்றைச் சேர்த்து யோசித்துப் பார். எனக்கு அது போதுமாக இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போனேன்.

அவர் முதலில் பச்சை மேட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கோப்புறையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

“நான் அப்ப ஒன்பது வயசு. காலமை எழும்பி வந்தா முத்தத்தில கருகின கடதாசி. எழுத்துத் தெரிஞ்சுது. தொட்டா உதிர்ந்து போச்சு.”

“ஏனப்பா முந்திச் சொல்லேல்லை?”

“உனக்கு ஜேர்மன் சரித்திரமே படிக்கக் கனக்க இருந்தது, பிள்ளை.”

பிறகு அவர் பேர்லின் கட்டுரையைத் திறக்கச் சொன்னார். முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறார், வரி கட்டுகிறார். அந்த வெறும் தட்டுகளைப் பற்றி அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை. நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். “அடுத்த லீவுக்கு அங்க போவம்” என்றார்.

இன்னுமொரு தகவல், எனக்கு மிகவும் பிடித்தது. 1959 இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகக் கட்டடம் திட்டமிடப்பட்டபோது ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர், கணிதம் படிப்பித்துவிட்டுப் பிறகு நூலகர் ஆனவர். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் அடைக்கக்கூடாது என்பது அவருடைய யோசனை. அது எதைப் பற்றியது, என்ன நடந்தது, எங்கே, எப்போது என்று பிரித்து, அந்தத் துண்டுகளைச் சேர்த்து அதற்கு எண் கொடுக்க வேண்டும் என்றார். அப்படி அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933 இல் வெளியானது. பேர்லினில் புத்தகங்கள் எரிந்த அதே வருடம்.

“நீ தமிழா, ஜேர்மனா?” என்று இனி யாராவது கேட்டால், ரங்கநாதனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்துக்கே ஒரு பெட்டி போதாது என்றவர் அவர்.

பழைய கணினிக்காக ஏங்குபவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. அப்பாவின் எக்ஸ்பியில் தமிழ் தானாகச் சரியாகத் தெரியாது. அமைப்புகளுக்குள் போய் ஒரு கட்டத்தில் சரி போட்டு, இறுவட்டையும் போட வேண்டும். அந்தக் காலத்தில் பல தமிழ்த் தளங்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான். ஒருங்குறி பரவலான பிறகுதான் தமிழ் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரிந்தது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய நாட்களிலேயே அதன் முகப்பைத் தமிழாக்கிக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், அமீரகத்தில் வேலை பார்த்தவர். எங்களைப் போல ஊருக்கு வெளியே இருந்து செய்தவர்.

அந்தப் பகுப்புகளையும் யாரோ வீட்டில் இருந்துதான் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் நீங்களும் போடலாம். இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். கைபேசியில் என்றால் ‘டெஸ்க்டொப்’ பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் பிறந்த நகரத்தின் கட்டுரையையும், உங்கள் அம்மா அல்லது அப்பா பிறந்த ஊரின் கட்டுரையையும் திறந்து, இரண்டின் அடியிலும் உள்ள பகுப்புகளை வாசியுங்கள். ஊருக்குக் கட்டுரையே இல்லை என்றால், எங்கிருந்து தொடங்குவது என்று வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். அவர்கள் சொல்ல ஆரம்பிக்கும்போது எழுத ஒரு கொப்பி பக்கத்தில் இருக்கட்டும்.