மொட்டை மாடி விருந்தாளி

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறார் அந்தப் பாட்டி. காலையில் காபி கலக்குகிறாரோ இல்லையோ, மொட்டை மாடியில் ஒரு கைப்பிடி கம்பு தூவிவிடுவார். அணிலுக்கும் புறாவுக்கும் என்று ஆரம்பித்த பழக்கம். ஒருநாள் பெரிய விருந்தாளியே வந்து இறங்கியது... மயில்!

அந்தப் பகுதிக்கு மயில் புதிதல்ல. ஆசிரமத்துக் கூரையிலும் மலையடிவாரத்திலும் சர்வசாதாரணமாக உலவும். 1947-ல் பரோடா மகாராணி ஒரு வெள்ளை மயிலையே ரமண மகரிஷிக்கு அனுப்பிவைத்தார். பசு, மான், நாய், காக்கைக்குக்கூட அங்கே சமாதி உண்டு. 'இந்த ஊரில் மயிலுக்குத் தீனி வைப்பது புண்ணியம்தானே' என்று பாட்டிக்கு மனம் நிறைந்துபோகும்.

ஆடி மாதம், கிராமத்திலிருந்து தம்பி போன் செய்தார். "அக்கா, மல்லாட்டை போட்டு நாலு நாள்கூட ஆவல. மயிலுங்க கிளறித் தின்னுடுச்சு. மறுபடியும் விதைக்கு எங்க போறது?"

மறுநாளே பஸ் ஏறிப் போனார் பாட்டி. கொல்லை முழுக்கக் குழி குழியாக இருந்தது. தம்பி கைதட்டினார். இரண்டடி நகர்ந்த மயில், மறுபடி கிளற ஆரம்பித்தது.

"மருந்து வெச்சிடுன்னு சிலர் சொல்றாங்க. முருகனோட வாகனம்க்கா, மனசு வருமா? சட்டப்படியும் குத்தம்" என்றார் தம்பி. மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்லக் கூடாது, பிடிக்கவும் கூடாது.

அக்காவின் முகம் வாடியதைப் பார்த்து, "இது உன் மயிலு இல்லக்கா" என்று சிரித்தார்.

ஆனால், வீடு திரும்பிய மறுநாள் மாடியில் பேரன் கைதட்டி விளையாடினான். அந்த மயிலும் இரண்டடிதான் நகர்ந்தது. பாட்டிக்குச் சுருக்கென்றது. மனுஷன் மேல் பயம் விட்டுப்போன பறவைக்கு மாடி எது, கொல்லை எது என்று எப்படித் தெரியும்?

அன்றோடு கம்பு நின்றது. மண்சட்டியில் தண்ணீர் மட்டும் வைத்தார். மயில் வந்து வந்து காத்திருந்துவிட்டுப் போனது. அந்த நாள்களில் பாட்டிக்குக் காபியே இறங்கவில்லை.

ஒருநாள் காலை எட்டிப் பார்த்தார். எதிரே காலி மனையில் அதே மயில், காலால் மண்ணைக் கிளறிக் கரையானைக் கொத்திக்கொண்டிருந்தது. பூச்சி, பல்லி, குட்டிப் பாம்பு, புல் விதை என அதன் சாப்பாடு எப்போதும்போல வெளியில்தான் இருந்தது. பாட்டிக்கு மூச்சு வந்தது.

அன்று மாலையே வீடு வீடாகப் போய்ப் பழைய புடவைகளைக் கேட்டு வாங்கினார். தம்பியின் கொல்லையைச் சுற்றி வேலியாகக் கட்டத்தான். இரண்டாம் முறை விதைத்த மல்லாட்டை, கலர் கலரான அந்தப் புடவைகளுக்கு நடுவே முளைத்து வந்தது.

மயில் இப்போதும் மாடிக்கு வருகிறது. தண்ணீர் குடிக்கிறது. போய்விடுகிறது.