நாற்பது வயதில் ஒரு ராக் ரசிகன்!

மாலை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் நரைத்தலை ஆசாமியை உங்களுக்குத் தெரியும். முதல் நாள் "சார்" என்று கூப்பிட்டு, நானும் மாணவன்தான் என்று தெரிந்ததும் "அண்ணே" என்று மாற்றிக்கொண்டீர்களே, அந்த அண்ணன் நாற்பது வயதில் ராக் ரசிகனான கதை இது.

பகலில் எனக்கு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் வேலை. வளர்ந்தது கேசட்டோடும் இளையராஜாவோடும். இங்கிலீஷ் பாட்டு எங்கள் தெருப் பக்கமே வந்ததில்லை.

ஒருநாள் ஒரு பெரியவர் ரெக்கார்டு பிளேயரோடு கடைக்கு வந்தார். ரப்பர் பெல்ட் தளர்ந்து மெதுவாகச் சுற்றியது. பெல்ட்டை மாற்றி, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா சுத்த விட்டா என்ன தெரியும் தம்பி? இதைப் போடு" என்று ஒரு எல்.பி. இசைத்தட்டை நீட்டினார். கறுப்பு அட்டை, நடுவில் முப்பட்டகம், வெள்ளைக் கதிர் நுழைந்து வண்ணங்களாகப் பிரிகிறது. நம்ம பிசிக்ஸ் பாடப் படம்! பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்'.

முதலில் இதயத் துடிப்பு. பிறகு பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடின. திடீரென்று ஏகப்பட்ட கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடித்தன! கையிலிருந்த டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன். ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்தது. எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மீதி. பொறுமையோடு உட்கார்கிறவனுக்குத்தான் முழு இசையும்.

புத்தகம் போல விரிந்த உறையைப் படித்தேன். குழுவினர் பெயர்களோடு, என்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் என்றும் அச்சிட்டிருந்தது. பாடியவரல்ல, வாசித்தவரல்ல; ஒலியைப் பதிவு செய்தவர்!

அப்புறம் தேடிப் படித்தேன். 1948-ல் பிறந்த அவர், லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். நான்கு சேனல் ஒலிமுறையைச் சோதிப்பதற்காகப் பழைய கடிகாரக் கடை ஒன்றுக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிந்து வைத்திருந்தார். அந்தச் சோதனைப் பதிவுதான் 'டைம்' பாட்டின் தொடக்கமானது. நம்ம பாஷையில் சொன்னால், ஒரு பிராக்டிகல் ரெக்கார்டு, உலகமே கேட்ட ரெக்கார்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது! அப்போது அவருக்கு வயது 25 கூட ஆகவில்லை.

இருபது வருஷமாகத் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஆம்ப்ளிஃபயர் சரிசெய்து கொடுக்கிறேன். பாடியவருக்கு மாலை, பேசியவருக்குப் பொன்னாடை. மைக் 'கீ...' என்று கத்தினால்தான் எங்களைத் தேடுவார்கள். இங்கேயோ நம்ம தொழில்காரன் பெயர் அச்சில்! அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த வருஷமே இங்கே விண்ணப்பம் போட்டேன்.

இன்று அந்த இசை முழுவதும் என் செல்போனில் இருக்கிறது. ஒலியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 12 அங்குல உறையை மடியில் விரித்து, பாட்டு ஓடும்போதே ஒவ்வொரு பெயராகப் படிக்கிற சுகம் உள்ளங்கைத் திரையில் வருமா? எங்கள் வீட்டில் ஒருநாளும் இல்லாத இசைத்தட்டுக்காக எனக்கு ஏக்கம் வந்தது இதனால்தான்.

பழைய சாமான் கடையில் ஒரு எல்.பி. கண்ணில் பட்டால், முன் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள் தோழர்களே! சின்ன எழுத்தையும் படியுங்கள். நம்ம ஆள் ஒருவர் அங்கே இருக்கலாம்.