கும்மிடிப்பூண்டி அறையும் பொதட்டூர்பேட்டை தறியும்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறான். ஒரே அறையில் மூன்று பேர். நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் படுத்தால் தூக்கம் வரவில்லை, முதுகெல்லாம் வேர்க்குரு, இடுப்பில் படர்தாமரை. போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த பெட்ஷீட் வழுவழுவென்று இருக்கிறது, வியர்வையை உறிஞ்சுவதில்லை, பாயை விட்டு நழுவுகிறது. 'பருத்தியில் நல்லதாக, அடிக்கடி மல்லுக்கட்டாமல் துவைக்கிற மாதிரி எது வாங்கலாம்?' என்பது கேள்வி.

பூச்சிமருந்து, மண் பரிசோதனை என்று வரும் கேள்விகளுக்கு நடுவில் இது வேறு மாதிரியாக இருந்தது. ஆனால் நம் வாசகர் குடும்பங்களில் எத்தனை பிள்ளைகள் இன்றைக்கு இப்படி ஒரு அறையில் படுத்திருக்கிறார்கள் என்று யோசித்தால், இதுவும் நம் கேள்விதான். நேரில் பார்த்துவிட்டே எழுதலாம் என்று கிளம்பினேன்.

சென்ட்ரல் பக்கத்து மூர்மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகப் போக ஒரு பக்கம் நெல்லும் ஏரியும், மறுபக்கம் சிம்னியும் ஷெட்டும். இறங்கினால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே பிளாட்பாரத்தில் கேட்கிறது. சிப்காட்டில் இரும்பு உருக்கி, கம்பி இழுக்கிற ஆலைகள் நிறைய. அந்தச் சூட்டில் எட்டு மணி நேரம் நின்று வந்தவர்களுக்கு வாடகை அறை பெரும்பாலும் தகரக் கூரை அல்லது சிமென்ட் ஷீட். மதியம் 12 மணிக்கு அதற்குள் படுத்துத் தூங்க வேண்டும்.

நான் போய்ப் பார்த்த அறையில் ஒரு கட்டில், இரண்டு பாய். ஒருவர் வேலைக்குப் போனால் அதே இடத்தில் இன்னொருவர் படுக்கிறார். விரிப்பு மட்டும் மாறுவதில்லை. படர்தாமரைக்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை. அந்தப் பூஞ்சை துணி வழியாகவும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். ஈரம் காயாத துணியும் வியர்வையும் அதற்குக் கொண்டாட்டம். களிம்பு போட்டுவிட்டுத் திரும்ப அதே விரிப்பில் படுத்தால் திரும்ப வரும். அதனால் முதல் பதில் துணி வகையைப் பற்றியது அல்ல: ஆளுக்கு ஒரு விரிப்பு, ஆளுக்கு ஒரு தலையணை உறை. மாற்றுக்கு இன்னொன்று. விலை உயர்ந்த ஒன்றைவிடச் சுமாரான இரண்டு மேல்.

ஸ்டேஷன் ரோட்டில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பூப்போட்ட பெட்ஷீட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். "பியூர் காட்டன் சார், கிளேஸ் காட்டன்" என்றார். இந்த 'கிளேஸ் காட்டன்' என்ற பெயரில் காட்டன் இருக்கிறதே தவிர, துணி பல நேரம் பாலியஸ்டர்தான். மைக்ரோ ஃபைபர் என்பதும் அதே. கசங்காது, சீக்கிரம் காயும், சாயம் போகாது. எல்லாம் உண்மை. ஆனால் வியர்வையை உள்ளே வாங்காது. தகரக் கூரைக்குக் கீழே பகலில் தூங்குகிறவனுக்கு அந்த ஒன்றுதான் முக்கியம்.

அண்ணனிடம் கேட்டு, மடிப்பு ஓரத்திலிருந்து ஒரு இழை மட்டும் உருவி, தெருவோரமாக வைத்துப் பற்ற வைத்தோம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் மாவாகும். இது சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக உருண்டது. அவர் சிரித்துவிட்டு, "நாங்க இன்னா பண்றது சார், சரக்கு தர்றவங்க சொல்றதத்தான் சொல்றோம்" என்றார். அதுவும் நியாயம்தான். பாவிலும் ஊடையிலும் வேறு வேறு நூல் போடும் கலப்புத் துணியும் உண்டு. அதனால் நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று என இரண்டு இழை உருவிப் பாருங்கள். இரண்டிலும் சாம்பலோடு கட்டியும் சேர்ந்து வந்தால் அது நூலிலேயே கலந்த பாலிகாட்டன்.

இந்த வட்டாரத்துக்குத் துணியோடு இருக்கும் உறவு பெரியது. பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணமே சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிதான். அதைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்காட்' என்று பெயர். புலிக்காட் என்று வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த நம் பழவேற்காடுதான் அது. கட்டம் போட்ட அந்தத் துணியை உலகம் விரும்பியதற்குக் காரணம், வெக்கையான ஊரில் உடம்பில் ஒட்டாமல் இருந்ததும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆனதும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த மாதிரி நெசவு இன்றைக்கும் இதே மாவட்டத்தின் மேற்கு மூலையில் நடக்கிறது. திருவள்ளூர், அரக்கோணம் வழியாகத் திருத்தணிக்கு ரயில். அங்கிருந்து பஸ் பிடித்தால் பொதட்டூர்பேட்டை. அந்தப் பக்கம்தான் அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு. தெருவில் கால் வைத்ததும் விசைத்தறிச் சத்தம். கைத்தறி மெல்லக் குறைந்து விசைத்தறி ஏறிய ஊர்கள் இவை. இங்கே லுங்கியும் சேலையும்தான் அதிகம், விரிப்பு நெசவு மையம் இதுவல்ல. ஆனாலும் துணியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

தறி ஓட்டும் ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்தது இது. துணியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பாவும் ஊடையும் சமமாக, நெருக்கமாக விழுந்திருந்தால் வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரியும். அங்கங்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் நெசவு தளர்வு. பிறகு துணியை இரண்டு கையாலும் கசக்கித் தேய்க்க வேண்டும். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி அதிகம். "கஞ்சிய நம்பி வாங்காதீங்க தம்பி, மொத தண்ணியில அது போயிடும், மிச்சம் வலைதான் இருக்கும்" என்றார். கடையில் விறைப்பாக இருப்பதைக் கெட்டியான துணி என்று நினைத்துவிடுவது சகஜம்.

அடுத்தது நூல். நம்பர் கூடக் கூட நூல் மெலிசு. 20-ஆம் நம்பர் தடிப்பு, 60-ஆம் நம்பர் மெலிசு. தினமும் புரண்டு படுக்கிற, கையால் அடித்துத் துவைக்கிற விரிப்புக்கு ரொம்ப மெலிசு உதவாது. பெரிய கடைகளில் 'த்ரெட் கவுன்ட் 600, 1000' என்று அட்டையில் போட்டிருப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் பாவு, ஊடை சேர்த்து எத்தனை இழை என்பது அந்தக் கணக்கு. சாதாரண ஒற்றை இழையில் அத்தனையைத் திணிக்கவே முடியாது. இரண்டு மூன்று மெல்லிய இழையை முறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணிப் போட்டுவிடுகிறார்கள். நம் வெக்கைக்கு 150-லிருந்து 250 வரை இருக்கிற சாதா நெசவே போதும். பளபளக்கும் சாட்டின் நெசவு தொட இதமாக இருக்கும், ஆனால் கட்டில் கம்பியில் மாட்டினால் இழை இழுத்துக்கொள்ளும், காற்றும் குறைவாகவே போகும்.

நமக்குப் பழகிய ஒரு வழி இருக்கிறது: எடை போட்டுப் பாருங்கள். 60க்கு 90 அங்குல ஒற்றை விரிப்பு சுமார் அரைக் கிலோ இருந்தால் வெயில் காலத்துக்கு அளவான தடிப்பு. கால் கிலோதான் என்றால் சீக்கிரம் நைந்துவிடும். ஒரு கிலோவை நெருங்கினால் அது போர்வைக்கு நல்லது. ஆனால் ஈரத்தில் பிழியவே இரண்டு ஆள் வேண்டும், மழைக்காலத்தில் அந்த அறைக்குள் காயவும் காயாது.

சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பருத்தி முதல் சில துவைப்பில் சுருங்கும். 5 சதவீதம் என்று வைத்தாலும் 90 அங்குலத்தில் நாலரை அங்குலம் போய்விடும், 60 அங்குலம் 57 ஆகிவிடும். மூன்றடிக் கட்டிலுக்கு அப்போதும் இரண்டு பக்கமும் பத்து அங்குலம் மடித்துச் செருக மிஞ்சும். நழுவாது. 54 அங்குல அகலத்தை விலை குறைவு என்று வாங்கினால்தான் தொல்லை. எலாஸ்டிக் வைத்த விரிப்பு மெத்தைக்குத்தான் சரி, பாய்க்கு வேண்டாம்.

பூப்பிரிண்டைவிட நூலிலேயே சாயமிட்டு நெய்த கட்டமோ கோடோ நல்லது. திருப்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே நிறம் தெரியும். பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். சாயம் நிற்குமா என்று பார்க்க, ஈரக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்தால் போதும். புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் பிடிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இன்றைய சாயங்களுக்கு உப்பு ஒன்றும் செய்யாது. ஓடுகிற சாயம் ஓடத்தான் செய்யும், முதல் இரண்டு தடவை தனியாகத் துவையுங்கள்.

இனி எங்கே வாங்குவது? விரிப்புக்கென்றே பெயர்போன ஊர் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை. கரூரில் ஏற்றுமதிக்கு நெய்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் கூட்டுறவுச் சங்கக் கைத்தறி விரிப்புகள் கிடைக்கின்றன. பண்டிகை நேரத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. அந்த நேரம் பார்த்து இரண்டாக வாங்கலாம். விரிப்பில் சில வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஆனால் சந்தையில் 'கைத்தறி' என்று சொல்லி விசைத்தறிச் சரக்கை விற்பது நின்றபாடில்லை. 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விசைத்தறித் துணி மட்டம் என்று நான் சொல்லவில்லை. பொதட்டூர்பேட்டைக்காரர்களின் அடுப்பு எரிவதும் அதில்தான். கைத்தறி விலை கொடுத்தால் கைத்தறி வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

300 ரூபாய்க்கு வாங்கி ஒரு வருடத்தில் கிழிவதைவிட, 700 ரூபாய்க்கு வாங்கி நாலு வருடம் உழைப்பது லாபம். இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த நாலு வருடம் தண்ணீரைப் பொறுத்தது.

கும்மிடிப்பூண்டி அறைகளில் நான் பார்த்த பக்கெட்டுகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்த கதை விவசாயிகளுக்குத் தெரியும். கடின நீரில் சோப்புக்கட்டி நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பாகத் துணியில் ஒட்டி, காய்ந்ததும் அட்டை போல ஆக்கிவிடும். அங்கே சோப்பைவிட டிடர்ஜென்ட் பவுடர் நல்லது. ஒரு பக்கெட்டுக்கு ஒரு கைப்பிடி சலவைச் சோடாவை முதலில் கரைத்தால் தண்ணீர் கொஞ்சம் மெதுவாகும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீர் என்றால் பிளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். மஞ்சள் கறை போவதற்குப் பதில் துருவாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவிக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு அலசுங்கள். ஆனால் சாயம் வெளுக்கும் என்பதால் ஓரத்தில் சோதித்துவிட்டு. இப்படிப்பட்ட தண்ணீருக்கு முழு வெள்ளை விரிப்பு வாங்கவே வேண்டாம். சாம்பல், நீலம், காவி கட்டம் போதும்.

படர்தாமரை உள்ளவருடைய விரிப்பை வாரம் இருமுறை, முடிந்தால் கொதிக்கக் காய்ச்சிய நீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். கூடவே டாக்டரையும் பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகளில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கின மாதிரி இருந்து பெரிதாகும். மற்றவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும், சாயத் துணியைத் திருப்பிப் போட்டு உலர்த்தினால் நிறம் நிற்கும்.

நாலு வருடம் கழித்து நடுவில் நைந்த விரிப்பைத் தூக்கிப் போடாதீர்கள், ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் ஸ்பிரேயர் நாசிலை அடைக்காமல் வடிகட்ட, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தியைப் போல வேறு துணி கிடையாது. காய்கறி விதையை ஊறவைத்து முடிந்து வைக்கவும் அதில் இரண்டு முழம் கிழித்துக்கொள்ளலாம்.