மைனஸ் முப்பதில் ஒரு ‘பூஸ்ட்’

வின்னிபெக் (கனடா), ஜனவரி



இந்த ஊர்க் கார்களின் முகப்பில் ஒரு மின்கம்பி நாக்கைப் போல வெளியே தொங்குகிறது. நுனியில் பிளக். வீட்டு வாசல், அலுவலகம், அடுக்ககம் என்று வண்டி நிற்கும் இடமெல்லாம் கம்பம் நட்டு பிளக் பாயிண்ட் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர் எல்லாமே மின்சாரக் கார்கள் என்று நினைத்துவிடக்கூடும். பெரும்பாலானவை சாதாரண பெட்ரோல் வண்டிகள்தான். இரவெல்லாம் வெளியில் விறைத்துக் கிடக்கும் எஞ்சினைக் காலையில் கிளப்புவதற்கு முன் கொஞ்சம் சூடாக்கும் ஏற்பாடு அது. பிளாக் ஹீட்டர் என்கிறார்கள்.

இதன் முன்னோடிகளில் ஒன்று பிறந்த இடம் அதிகத் தொலைவில் இல்லை. தெற்கே எல்லை தாண்டினால், இந்த ஊர் வழியாக ஓடும் அதே ரெட் நதியின் கரையில், அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ். அந்த ஊர்க்காரரான ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சின் தலையிலுள்ள ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அங்கே சூடேறும் போல்ட் ஒன்றைப் பொருத்தலாம் என்று யோசித்தார். 1949இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். குளிர் பட்டவர்தானே கம்பளி தேடுவார்!

குளிர் என்றால் ஊட்டிக் குளிர் இல்லை. ஜனவரி இரவுகள் சர்வசாதாரணமாக மைனஸ் 20க்குக் கீழே போகும். 2013 டிசம்பர் 31 அன்று இங்கே பகலின் உச்ச வெப்பமே மைனஸ் 31தான். செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ஊர்தி அந்நாட்களில் பதிவுசெய்திருந்த பகல் உச்சம் மைனஸ் 29. இந்த ஒப்பீட்டை வெளியிட்டது இங்குள்ள மானிடோபா அருங்காட்சியகம். ஊர்க்காரர்கள் இன்றும் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள்.

இத்தகைய குளிரில் காருக்கு இரண்டு பக்கமும் அடி. பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகி, மைனஸ் 18இல் அதன் பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் இறுகிப்போவதால், ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாக மல்லுக்கட்ட வேண்டும். வரவு குறையும் நாளில்தான் செலவு கூடுகிறது. பேட்டரி வாங்கும்போது இங்கே எல்லோரும் முதலில் பார்ப்பது குளிரில் எத்தனை ஆம்பியர் தரும் என்ற எண்ணை. மைனஸ் 18இல், மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், 30 விநாடிக்குத் தரக்கூடிய மின்னோட்டம் அது.

ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது குளிர் இல்லை, வெயில். உள்ளிருக்கும் தகடுகள் அரிபடுவதும் நீர் வற்றுவதும் சூட்டில்தான் வேகமாக நடக்கும். வின்னிபெக்கில் கோடை 30 டிகிரியைத் தொடும். ஜூலையில் தளர்ந்த பேட்டரி ஜனவரியில் கையை விரிக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு பல்பொருள் அங்காடியின் வாகன நிறுத்தம். மாலை ஆறு மணிக்கே கும்மிருட்டு. இரவுப் பணிக்குக் கிளம்பிய செவிலியர் ஒருவர் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. நம்மூராக இருந்தால் நாலு பேர் கூடித் தள்ளியிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள். தள்ளிக் கிளப்ப முடியாது. பக்கத்தில் பிக்கப் டிரக்கில் ஏறப்போன பெரியவரிடம், “ஒரு பூஸ்ட் கிடைக்குமா?” என்று கேட்டார். ஓடும் வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து இன்னொன்றைக் கிளப்புவதற்கு இங்கே அந்தப் பெயர். முன்பின் தெரியாதவரிடம் கேட்கத் தயங்காத உதவி இது.

பெரியவர் டிரக்கைக் காரோடு உரசாமல் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார். உடனே கேபிளை எடுக்கவில்லை. டார்ச் அடித்துப் பேட்டரியின் பக்கவாட்டைப் பார்த்தார். முழு சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50இலும் உறையாது. அடியோடு இறங்கிப்போனது மைனஸ் 10க்கு முன்பே உறைந்துவிடும். உறைந்து வீங்கிய பேட்டரிக்கு மின்சாரம் கொடுத்தால் வெடிக்கலாம். இது வீங்கவில்லை.

பிறகு கவ்விகள். ஒரு சிவப்பு, செவிலியர் கார் பேட்டரியின் பிளஸ்ஸில். மறு சிவப்பு, டிரக்கின் பிளஸ்ஸில். ஒரு கறுப்பு, டிரக்கின் மைனஸில். நான்காவதில்தான் பலர் தவறுவது. இறங்கிய பேட்டரியின் மைனஸில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி, எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகமாகப் பார்த்துக் கவ்வவைத்தார். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியருகே ஹைட்ரஜன் கசிந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அவருடைய கேபிள் விரல் தடிமன் இருந்தது. மலிவு விலைக் கேபிள்கள் மெல்லியவை, போதிய மின்னோட்டத்தைக் கடத்தாதவை. இந்தக் குளிரில் அவற்றின் மேலுறை விறைத்து வெடிப்பதும் உண்டு.

காற்று வேறு. காற்றோடு சேர்த்துக் குளிர் மைனஸ் 40 என்றால், திறந்திருக்கும் தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையலாம். வண்டிக்கு அந்தக் கணக்கு கிடையாது. காற்று எவ்வளவு அடித்தாலும் உலோகம் வெளி வெப்பநிலைக்குக் கீழே போகாது, சீக்கிரம் அங்கே போய்ச் சேரும், அவ்வளவுதான். தோலுக்கு அந்தப் பயம் உண்டு என்பதால், டிரக் உறுமியபடி சார்ஜ் கொடுத்த நேரத்தில் இருவரும் அதற்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். சில நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பியதும் கார் முனகி, இருமி, கிளம்பியது. மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில் கவ்விகளைக் கழற்றினார் பெரியவர். “வழியில் நிறுத்தாதீர்கள்” என்று மட்டும் சொன்னார்.

அது சரியான அறிவுரைதான், ஆனால் போதாது. குளிர்ந்த பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அரை மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. ஆஸ்பத்திரி வாசலில் எட்டு மணி நேரம் நின்றால் பழையபடி ‘டிக் டிக்’தான். சூடான இடத்தில் வைத்துச் சார்ஜர் போடுவதும், பேட்டரியைச் சோதித்துப் பார்ப்பதும் உத்தமம்.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணவேண்டாம். அடியில் எத்தனை பெரிய பேட்டரி இருந்தாலும், கதவுப் பூட்டையும் கணினியையும் எழுப்புவதற்கு அந்தக் காரிலும் தனியாக ஒரு சின்னப் பேட்டரி உண்டு. அது படுத்துவிட்டால் வண்டியும் படுத்துவிடும். மற்ற வண்டிகளுக்கு மின்சாரக் காரிலிருந்து பூஸ்ட் கொடுக்காதீர்கள் என்று பல மாடல்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன. வாகன நிறுத்தத்தில் உதவி கேட்கிறவர்கள் இன்னும் பிக்கப் டிரக்கைத்தான் தேடுகிறார்கள்.