குசினி வேலையும் சயாமுக்குப் போன தாத்தாவும்

பெண்டாங், சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று கெடா மாநிலத்து ஊர்களில் வாழும் தமிழர்கள் பழைய நண்பர்களைப் பார்க்கும்போது முதலில் வீட்டு நல்லது கெட்டது பேசுவார்கள். அடுத்து, வீட்டுக்குச் செய்த வேலை. ஜப்பான்காரன் காலத்தில் குடும்பத்துக்கு நேர்ந்தது என்னவென்ற பேச்சு எப்போதும் கடைசியில்தான் எழும்; பல சமயம் விருந்தாளி வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில். எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் செய்தி பெரும்பாலான குடும்பங்களில் வேறெங்கும் எழுதப்படவில்லை. அதனால்தான் இந்தச் சாதாரணப் பேச்சு கவனிக்கத் தக்கது.

பெண்டாங் அலோர்ஸ்டாருக்குத் தென்கிழக்கே உள்ள சிறு பட்டணம். 1975-ல் தனி மாவட்டமானது. ஒரு பக்கம் மூடா பாசனத்தில் விளையும் நெல்வயல்கள். சீக் பக்கம் போகப் போக மேட்டு நிலமும் ரப்பர் மரங்களும். மலாய்க்காரர்கள் பெரும்பான்மை, சயாமியர் கிராமங்களும் உண்டு. தமிழர்கள் இங்கே குறைவு. அவர்கள் கூட்டமாக வாழ்ந்தது மாநிலத்தின் தென்பாதியில், பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில். அதனால் கெடாவில் இரண்டு தமிழர் அறிமுகமானால் "நீங்க எந்தத் தோட்டம்?" என்ற கேள்வி இன்றும் வரும். தோட்டம் மறைந்து வீட்டுமனையாகி ஒரு தலைமுறை ஆன பின்னும் அந்தப் பெயரை வைத்துத்தான் யார் யாருக்கு உறவு என்று பிடிக்கிறார்கள்.

குடும்பச் செய்தி பேசுவதில் ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, வேலை, கல்யாணம் முதலில். சிங்கப்பூரிலோ பினாங்கிலோ வேலை செய்யும் மகனைப் பற்றியும், பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகளைப் பற்றியும் சொன்ன பிறகு, நோய்நொடி. அதன் பிறகு இறப்பு. ஒரு பெரியவர் இறந்த செய்தி வந்ததும் பேச்சு அவர் பிறந்த தோட்டத்துக்குத் திரும்பும். மலேசியத் தமிழ் நாளிதழ்கள் இந்த வழக்கத்தை வெகுகாலம் தாங்கின. 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன தமிழ் நேசனிலும், இன்று வரும் ஏடுகளிலும் நினைவஞ்சலி, கருமக்கிரியை விளம்பரங்களைப் பார்த்தால் இது புரியும். நடுவில் இறந்தவர் படம். கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் என்று ஒருவர் விடாமல் பெயர்கள். கீழ்நோக்கிய தலைமுறைகள் அத்தனையும் அச்சில் ஏறிவிடும். இறந்தவரின் அப்பா பெயரைத் தாண்டி மேலே ஒரு படி ஏறப் பார்த்தால் பல விளம்பரங்களில் ஒன்றும் கிடைக்காது. இந்த வெற்றிடத்துக்குக் கெடாவில் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதற்கு முன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு சுவரை இடிக்கவோ எழுப்பவோ தொழிலாளிக்கு உரிமை இருந்ததில்லை. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கம்பெனிக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பல குடும்பங்கள் ஒரே நாளில் இரண்டையும் இழந்தன. அந்தத் துண்டாடலுக்கு மாற்றாக அப்போதைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். பின்னாளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட மக்கள் பட்டணத்துத் தாமான் எனப்படும் குடியிருப்புகளில் மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்த குடும்பத்துக்குச் சொந்த வீட்டில் கைவைப்பது பெரிய காரியம். வீடு வாங்கிச் சில ஆண்டில் குசினியைப் பின்னால் இழுத்துக் கட்டுவார்கள். முன்னால் கார் நிறுத்தக் கூரை, சன்னலுக்குக் கம்பி, தரைக்குப் புது ஓடு, சாமி மேடைக்குத் தனி இடம். மாவட்ட மன்றத்திலோ நகராண்மைக் கழகத்திலோ அனுமதி வாங்க வேண்டும். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வரும் ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி பல வீடுகளில் சிமென்டாகவும் கல்லாகவும் மாறியிருக்கிறது. 2024 மே மாதம் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கத்தக்க நெகிழ்வுக் கணக்கு வந்த பிறகு சிலர் அதிலிருந்தும் எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் நண்பர்களை அழைத்து, குத்தகைக்காரர் எவ்வளவு கேட்டார், எத்தனை மாதம் இழுத்தார் என்ற கணக்கோடு வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். இதைப் பகட்டு என்று யாராவது சொன்னால் அவருக்கு லயத்தின் கதை தெரியாது என்று பொருள்.

வீட்டைச் சுற்றிக் காட்டும்போதுதான் பழைய படம் கண்ணில் படும். மரச்சட்டம் போட்ட ஸ்டூடியோ படம். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். "தாத்தா எங்கே?" என்று நண்பர் கேட்பார். "தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. திரும்பல." இவ்வளவுதான் பதில். கேட்டவரும் தலையாட்டுவார், அவர் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் இருப்பது ஒரு மாநிலத்தின் போர் வரலாறு. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணித் துறைகளிலும் இறங்கியது. அன்றே சுங்கைப்பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. 11-ஆம் தேதி முதல் ஜித்ராவில் நடந்த சண்டையில் பிரிட்டிஷாரின் 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு நிலைகுலைந்தது. சில நாளில் குரூணிலும் தோற்றுத் தெற்கே பின்வாங்கியது. கெடா ஒரு வாரத்தில் விழுந்தது. ஜித்ராவில் சிதறிய பஞ்சாப் ரெஜிமென்டின் கேப்டன் மோகன் சிங், அலோர்ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவைச் சந்தித்தார். இந்திய தேசிய ராணுவத்துக்கு வித்து விழுந்தது அங்கேதான். அதே நாட்களில், கூலிம் மாவட்ட அதிகாரியாக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான், பினாங்குக்குக் கொண்டு செல்லப்பட்ட தம் தந்தை சுல்தான் அப்துல் ஹமீதின் காரை வழிமாற்றிச் சீடிமுக்கு அழைத்துச் சென்று மக்களோடு இருக்கச் செய்தார்.

தோட்டங்களைப் பிடித்தது வேறொரு துயரம். ரப்பரை வாங்க ஆளில்லை. துரைமார் ஓடிவிட்டார்கள். பால்வெட்டு நின்றதும் சம்பளம் நின்றது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியும் குறைந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டை மதிப்பில்லாத காகிதமாகச் சுமந்து மக்கள் நாளைக் கழித்தார்கள். அந்த வறுமையைத்தான் ஜப்பானிய நிர்வாகம் பயன்படுத்திக்கொண்டது. நாளுக்கு 1 வெள்ளி, சாப்பாடு, தங்க இடம், சில மாத வேலை என்று சொல்லி முதலில் ஆள் சேர்த்தார்கள். போனவர்களிடமிருந்து நல்ல சேதி எதுவும் வராததால் ஆள் கிடைக்கவில்லை. பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தார்கள். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்டபோது கிராணியும் கங்காணியும் பட்டியல் எழுதிக் கொடுத்த இடங்களும் உண்டு. அந்தக் கசப்பு சில குடும்பங்களுக்கு இடையே இன்னும் முழுதாக ஆறவில்லை.

கொண்டு போகப்பட்ட இடம் சயாம் - பர்மா ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர், காட்டையும் மலையையும் வெட்டி ஏறத்தாழ 15 மாதத்தில் போட்டு முடித்தார்கள். போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டோர், அவர்களில் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர். மலாயாவிலிருந்து போனவர்களில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 30,000 என்பது பதிவுகளில் காணும் எண்ணிக்கை. உண்மை அதைவிடக் கூடுதல் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. போர்க்கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள்; தண்ணீரைக் கொதிக்க வைக்கும் ஒழுங்கு இருந்தது. பெரும்பாலான தமிழர் முகாம்களில் மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. மனைவி மக்களோடு போனவர்களும் அங்கே இருந்தார்கள்.

1943 அக்டோபர் 17-ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. மறுநாள், அக்டோபர் 18-ஆம் தேதி, ஜப்பான் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களைத் தாய்லாந்தின் ஆட்சியில் ஒப்படைத்தது. ரயில் பாதையில் மாண்டவரின் பிள்ளைகள் வாழ்ந்த கெடா தோட்டங்கள் போர் முடியும் வரை அதே சயாமின் கொடியின் கீழ் இருந்தன.

போர்க்காலத்தில் ரயில் பாதையிலிருந்து தப்பி வந்தவர்களுக்குத் துங்கு அப்துல் ரஹ்மானும் அவருடைய நண்பர்களும் அலோர்ஸ்டாரில் உணவும் இடமும் தந்தார்கள். போர் முடிந்ததும் உயிரோடு எஞ்சியவர்கள் பாடாங் பெசார் வழியாகத் திரும்பினார்கள். ஜன்னியும் புண்ணுமாக வந்தவர்களைச் சில வீடுகளில் அடையாளமே தெரியவில்லை. வராதவர்கள் எங்கே, எந்த நாளில் இறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இறப்புப் பத்திரம் கிடையாது. திதி கொடுக்க நாள் கிடையாது. வெளியூர் போனவர் காணாமல் போனால் செய்வதைப் போல அமாவாசையைக் கணக்கில் வைத்துப் படையல் போட்டார்கள். இளம் விதவைகள் மறுமணம் செய்தார்கள்; பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் சிற்றப்பன் பெயர் ஏறியது. நினைவஞ்சலி விளம்பரங்களில் மேலே ஏற முடியாமல் நிற்கும் இடம் இதுதான். பாட்டிமார் பேசாமல் இருந்ததை மறதி என்று சொல்லிவிட முடியாது. புதுக் குடும்பத்தைக் காப்பாற்ற அவர்கள் வாயை அடக்கிக்கொண்டார்கள்.

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெயர், வயது, படைப்பிரிவு பொறித்த தகடுகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படித் தனிக் கல் எதுவும் இல்லை. ஒரே குழியில் பலரைப் புதைத்தார்கள், சிலரை எரித்தார்கள், சிலரை ஆறு கொண்டு போனது. அவ்வூரின் வாட் தாவோர்ன் பௌத்த ஆலயத்தில் பெயரற்ற ஆசியத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. 2023-ல் அதே வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டது. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்கள் இந்தத் துயரத்தை எழுத்தில் ஏற்றின. கடாரத்தை, அதாவது கெடாவை, ராஜேந்திர சோழன் வென்றது இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சொந்தப் பாட்டனார் எந்த ஸ்டேஷனில் ரயில் ஏற்றப்பட்டார் என்பதும் அதே அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள வழி இன்னும் அடைபடவில்லை. ஆனால் அதற்கு எதிராக இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று வயது. 1943-ல் பத்து வயதாக இருந்த பிள்ளை இப்போது தொண்ணூறைத் தாண்டியவர். மற்றது, மேலே சொன்ன அதே வீட்டு வேலை. குசினியை இடிக்கும் முன் பரணிலும் கட்டிலடியிலும் கிடப்பதையெல்லாம் வெளியே எடுப்பார்கள். தகரப்பெட்டி துருப்பிடித்திருக்கும், உள்ளே கறையான் தின்ற காகிதம், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, 1948-க்குப் பின் கொடுத்த பழைய அடையாளக் கார்டு, உடைந்த சட்டத்தோடு ஒரு படம். மகன் அவசரத்தில் இருப்பான்; குப்பை லாரி வாசலில் நிற்கும். ஒரு குடும்பத்தின் மிச்சப் பதிவு அன்று மாலையே போய்விடும். தோட்டத்து லயம் இடிந்தபோது தப்பியது சொந்த வீட்டுப் புதுப்பிப்பில் அழிவதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும் ஊர்ப் பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காகிதங்களை இரண்டு பக்கமும் கைத்தொலைபேசியில் படமெடுத்து உறவுகளுக்கு அனுப்பலாம். பெரியவர்களிடம் "என்ன நடந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "என்ன நடக்கும், கஷ்டம்தான்" என்று முடித்துவிடுவார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், கூட யார் போனது, ஸ்டேஷன் வரை யார் நடந்து போனது, சேதியைக் கொண்டு வந்தவர் யார் என்று சிறிது சிறிதாகக் கேட்க வேண்டும். இரண்டு நண்பர்களின் குடும்பங்கள் ஒரே தோட்டமாக இருந்தால் ஒருவருக்குத் தெரியாத பெயர் மற்றவர் வீட்டில் கிடைக்கும். நண்பர்கள் பேச்சின் பெரிய பலன் இதுதான். சேர்ந்ததைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அலோர்ஸ்டார் கிளைக்கோ, தோட்டத்தின் பழைய தமிழ்ப்பள்ளிக்கோ ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம்.

வீட்டு வேலைக்குக் குத்தகைக்காரரிடம் நாள் குறித்திருப்பவர்கள் அதற்கு முந்தின வாரமே அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். வீட்டில் தொண்ணூறு வயதுப் பெரியவர் இருந்தால் அடுத்த தீபாவளி வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள்.