தச்சர் கையில் இருந்த சொல்

மகளுக்கு சோஃபியா என்று பெயர் வைத்தபோது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்படின்னா என்னம்மா அர்த்தம்?"

"ஞானம்ப்பா. கிரேக்கச் சொல்."

"நல்லதாப் போச்சு. நம்மகிட்ட இல்லாதது பிள்ளை பேர்லயாவது இருக்கட்டும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா மரத்தச்சர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று எழுதினேன். அப்பா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

பெயர் வைத்த பிறகுதான் அந்தச் சொல்லைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹோமரின் இலியட், ஒடிசி இரண்டையும் சேர்த்தாலும் அது வருவது ஒரே இடத்தில்தான். இலியட்டின் 15-ஆம் பகுதியில். ஞானியைப் பற்றியா? இல்லை. இரண்டு படைகளும் ஒரு பக்கமும் சாயாமல் சமமாக மோதுவதற்கு ஓர் உவமை: கப்பல் மரத்தில் தச்சன் நூல் பிடித்து நேர் பார்ப்பது போல என்று. அந்தத் தச்சனுக்குக் கைவந்த தொழில் திறமைக்குத்தான் அங்கே சோஃபியா என்று பெயர். (மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலையும் மனக்கோணலைத் தீர்க்கும் நூலையும் ஒப்பிடும் நம் நன்னூல் நினைவுக்கு வந்தது.)

பின்னால் வந்த அரிஸ்டாட்டில்கூட, கல்லில் சிலை வடித்த ஃபிடியாஸையும் வெண்கலத்தில் வடித்த பாலிக்ளைடஸையும் மக்கள் இந்தச் சொல்லால் பாராட்டுவதைக் குறிப்பிட்டுவிட்டுத்தான், அதை எல்லாவற்றிலும் உயர்ந்த அறிவுக்கு உரியதாக்குகிறார். நாம் 'பிலாசஃபி' என்கிறோமே, அதன் பின்பாதியும் இதுதான். பட்டறையில் இருந்த சொல் மெல்ல மெல்லப் பாடசாலைக்குக் குடிபோய்விட்டது.

அப்பாவின் பட்டறை கண்ணில் வந்து நின்றது. காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு. மரத்தில் கோடு விழும். ஒற்றைக் கண்ணை மூடி அதைப் பார்ப்பார்.

போன வாரம் ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். அந்த விண்ணப்பத்தையும் சேர்த்து. "அதையா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க?" என்றவர், பேத்தியை மடியில் மாற்றி வைத்துக்கொண்டார்.

"அந்தக் கப்பல் என்ன மரம்?"

"அந்த இடத்துல சொல்லலைப்பா. வேற இடத்துல ஓக், பைன்னு வருது."

"பைனா?" அப்பா முகம் சுளித்தார். "அது பெட்டி அடிக்கிற மரமாச்சே!"